மயில்கழுத்து நிறத்தில் ஒரு இன்டர்ன்ஷிப்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே கிளீவ்லாந்தில் ஒரு பூங்காவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிட்டோம். ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரவர் சமைத்ததை அவரவரே பாராட்டிக்கொள்ளும் வழக்கமான கூட்டம்தான். புளியோதரைக்கு வரிசையில் நின்றபோது மதுரைக்கார நண்பர் ஒருவர் என் தோளில் கைபோட்டு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்க ஊர்ல ஏதோ பெரிய ஃபேஷன் கம்பெனி இருக்காமே. போன வருசம் உங்க மக அங்கதான் இன்டர்ன்ஷிப் பண்ணுச்சாம். நம்ம பொண்ணுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைங்களேன்."

எங்கள் ஊர் கோட்டைக்குப்பம். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. இறால் உண்டு, நண்டு உண்டு, கம்பெனி கிடையாது. நண்பர் கேள்விப்பட்ட கம்பெனி, பழவேற்காடு பஜாரில் என் தங்கை சுகுணா வைத்திருக்கும் புடவை, நைட்டிக் கடை. பத்தடிக்கு எட்டடி. பெயர்ப் பலகையில் 'சுகுணா ரெடிமேட்ஸ்' என்று இருக்கும். 'ஸ்' மட்டும் ஒரு புயலில் போய்விட்டது.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இந்த வதந்தியை இப்படியே விட்டால் அடுத்த கோடையில் ஒஹையோவிலிருந்து ஒரு பட்டாளமே பொன்னேரி ரயில் நிலையத்தில் போய் இறங்கிவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது.

2

நான் ஏசி மெக்கானிக். கடலுக்குப் போனாலே வாந்தி எடுக்கும் பிள்ளை என்று நைனா என்னை ஐடிஐயில் சேர்த்துவிட்டார். வளைகுடாவில் சில வருடம், பிறகு நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி விமலாவின் தயவில் அமெரிக்கா. கோடைக்காலம் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் இருப்பேன். எங்களுக்கு ஒரே மகள், நிவேதா. வீட்டில் நிவி.

நிவி கல்லூரியில் ஃபேஷன் மெர்ச்சன்டைசிங் எடுத்தபோது நான் தையல் வகுப்பு என்று நினைத்தேன்.

"தைக்கிறவங்க வேற, அப்பா. எந்தத் துணி, எந்த ஊர்ல, எப்ப விக்கும்னு முன்னாடியே சொல்றது எங்க வேலை" என்றாள். இதை ஆங்கிலத்தில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பத்துப் பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் பேச்சுவார்த்தை.

அந்தப் படிப்பில் ஒரு கோடை முழுக்க ஏதாவது நிறுவனத்தில் போய் வேலை பழக வேண்டும். அதுதான் இன்டர்ன்ஷிப். அது இல்லாமல் கடைசி வருடத்துக்குள் நுழைய முடியாது. நிவி விண்ணப்பம் போடாத துணிக் கம்பெனி இல்லை. எல்லாரும் அவள் திறமையைக் கண்டு வியந்தார்கள். வியந்துவிட்டு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். மே மாதம் வந்தது. நிவி சாப்பாட்டுத் தட்டை அறைக்குள் எடுத்துப் போய் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். விமலா என்னை முறைக்க ஆரம்பித்தாள்.

அவளைச் சிரிக்க வைக்கத்தான் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன்: "பேசாம உங்க சுகுணா அத்தை கடைக்குப் போய் வேலை கத்துக்கோ."

சிரிப்பு வரவில்லை. கதவு திறந்தது. "அத்தை ஒத்துக்குவாங்களா?"

கல்லூரியின் படிவம் ஏழு பக்கம். நிவி குளிக்கப் போயிருந்த நேரத்தில் நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஆறாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: மேற்பார்வையாளர் மாணவருக்கு உறவினரா? மகள் மூன்று வாரம் கழித்து அன்றைக்குத்தான் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்பதில் டிக் போட்டேன்.

3

அடுத்தது நேர்காணல். இன்டர்ன்ஷிப்புக்குப் பொறுப்பான அம்மாள் கல்லூரியிலிருந்து வீடியோவில் வந்தார். சுகுணா கடையிலிருந்து வந்தாள். மொழிபெயர்ப்பாளர் நான். எங்களுக்குக் காலை, சுகுணாவுக்கு மாலை. அவளுக்குப் பின்னால் தொங்கிய நைட்டிகள் ஃபேன் காற்றில் எங்களைப் பார்த்துக் கையாட்டின.

"உங்கள் வாடிக்கையாளர் யார் என்று எப்படி வரையறுக்கிறீர்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"யாரு துணி வாங்குறாங்கன்னு கேக்குறாங்க."

"இன்னாண்ணா கேள்வி இது? கடைக்குள்ள வர்றவங்கதான் வாங்குவாங்க."

நேரடி வாடிக்கையாளர்களே எங்கள் அடித்தளம் என்று சொன்னேன். அந்த அம்மாள் குறித்துக்கொண்டார்.

"விற்ற பொருளைத் திரும்பப் பெறும் கொள்கை என்ன?"

"ஒரு தபா கட்டிப் பாத்துட்டாங்கன்னா வாங்க மாட்டேன். எறா வாசன ஏறிப்பூடும். அப்பால யாரு வாங்குவா?"

சுகாதார அடிப்படையிலான கண்டிப்பான கொள்கை என்றேன்.

"மிக நன்று. அவர் அடிக்கடி 'அண்ணா' என்கிறாரே, அதற்கு என்ன பொருள்?"

எங்கள் பக்கத்தில் ஆண்களை அழைக்கும் மரியாதைச் சொல் என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும்.

ஒரு வாரத்தில் அனுமதி வந்தது. 'தனித்துவமான சர்வதேச சில்லறை வணிகச் சூழல்' என்று கடிதத்தில் இருந்தது. சுகுணாவுக்குப் படித்துக் காட்டினேன். "அத போர்டுல எழுதலாமா?" என்று கேட்டாள்.

4

நிவி ஊரில் போய் இறங்கிய முதல் வாரமே அவள் தமிழ் பஜாரைக் கலக்கியது. ஏரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடலோரமாக ஒரு குப்பம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். நான் ஊருக்குப் போனால் அந்த வழியாகவும் நடக்க வேண்டும். அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி தாட்சாயணி அக்கா கருவாட்டு வியாபாரி. ஐம்பது வயது, தெருவின் இந்தக் கோடியில் பேசினால் அந்தக் கோடியில் கேட்கும் குரல். அவர் கட்டியிருந்த புடவையின் பார்டர் நிவிக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்சம் காட்டுங்கள் என்று கேட்க நினைத்தவள், கை கூப்பி, மிகவும் பணிவாக, "புடவையக் கொஞ்சம் கழட்டுங்க" என்று கேட்டுவிட்டாள்.

கடையில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். தாட்சாயணி அக்கா நிவியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, அமெரிக்காவுல கடைக்கு வர்றவங்களை இப்டித்தான் வரவேப்பாங்களா?"

அன்று சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கு விக்கல் எடுத்ததாகச் சுகுணா சொன்னாள். நிவி என்னிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது அழுகிறாளோ என்று பயந்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதம் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குப்பத்திலும் அம்மனுக்கு ஆடித் திருவிழா நடக்கும். அன்று ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரிப் புடவை கட்டி, கூழ்க்குடம் எடுத்து வருவார்கள். என்ன நிறம் என்பது பரம ரகசியம். பக்கத்துக் குப்பத்துக்குத் தெரிந்துவிட்டால் மானம் போய்விடும். இந்த ரகசியங்களைக் காப்பாற்றுவதுதான் சுகுணாவின் தொழில். அவள் கடையில் அலமாரித் தட்டுகள் சைஸ்படியும் இருக்காது, நிறப்படியும் இருக்காது. ஊர்ப்படி இருக்கும். தட்டுக்கு ஒரு குப்பம், முன்னால் ஒரு திரை.

அந்த வருடம் எங்கள் ஊரும் மயில்கழுத்து நிறம் கேட்டது. தாட்சாயணி அக்காவின் ஊரும் மயில்கழுத்து கேட்டது. சுகுணா இரண்டு பேரிடமும், "இந்தக் கலர வேற எந்தக் குப்பத்துக்கும் குடுக்கலக்கா, சத்தியமா" என்று தலையில் அடித்துச் சொல்லிவிட்டு, சௌகார்பேட்டையில் ஒரே கட்டாக வாங்கி இரண்டு தட்டில் அடுக்கிவிட்டாள். எங்கள் திருவிழா ஒரு ஞாயிறு, அவர்களுடையது அடுத்த ஞாயிறு. தெரியவரும்போது எங்கள் ஊர் கட்டி முடித்திருக்கும், அவர்களுக்கு மாற்ற நேரம் இருக்காது. எறா வாசனை ஏறியதைத் திருப்பித் தர முடியாதே.

ஒரு நாள் சுகுணா சரக்கெடுக்க மறுபடி சௌகார்பேட்டைக்குப் போனாள். கடை நிவி பொறுப்பில். கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததைச் செய்து பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? திரை எதற்கு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை; எல்லாவற்றையும் கழற்றினாள். மொத்தக் கடையையும் நிறவாரியாக அடுக்கினாள். அடுக்கும்போது மயில்கழுத்து இரண்டு கட்டும் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டு கட்டிலும் ஊர்ப்பெயர்ச் சீட்டு. பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். இதைத்தானே 'டிரெண்ட்' என்று பாடத்தில் படித்தாள். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு புடவையை எடுத்துக் கடை வாசலில் பக்கத்துப் பக்கமாகத் தொங்கவிட்டு, நடுவில் ஒரு அட்டையில் தன் கைப்பட எழுதி வைத்தாள்: 'இந்த ஆடியில் ரெண்டு ஊருக்கும் ஒரே நிரம்.'

படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். நான் அப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில் கம்ப்ரெஸர் மாற்றிக்கொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் எழுத்துப் பிழைதான் கண்ணில் பட்டது. பிறகு வாக்கியம் புரிந்தது. சுகுணாவைக் கூப்பிட்டேன்.

"எங்க கீற?"

"டிரெயின்ல. அனுப்பம்பட்டு தாண்டிட்டேன். இன்னாண்ணா, வேலை நேரத்துல?"

"உன் மருமக கடை வாசல்ல போர்டு வெச்சிருக்கா." படித்துக் காட்டினேன்.

சுகுணா மெல்லிய குரலில், "பொன்னேரில எறங்கி அப்டியே திருப்பதிக்குப் போயிடட்டுமா?" என்றாள்.

5

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே இரண்டு ஊர்ப் பெண்களும் வந்துவிட்டார்கள். பஜார் தெருவின் இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் தாட்சாயணி அக்காவின் ஊர். சுகுணா நிவியின் காதில் சொல்லிக்கொடுத்தாள்: "போர்டு தப்பா எழுதிட்டேன், எனக்குத் தமிழ் தெரியாதுன்னு சொல்லிடு. வெளியூர்ப் பொண்ணுன்னு விட்டுடுவாங்க. பழிய உம் பேர்ல போட்டுக்கோ கண்ணு, அத்தைய காப்பாத்து."

நிவி அத்தையைப் பார்த்தாள். வெளியே நின்ற பெண்களைப் பார்த்தாள்.

"போர்டுல எழுத்துப் பிழைதான் இருக்கு, அத்தை. பொய் இல்ல."

படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போனாள். தனக்குத் தெரிந்த தமிழில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அத்தை இரண்டு ஊருக்கும் ஒரே கலர் எடுத்தார்கள். வேறு யாருக்கும் தரவில்லை என்று சொன்னது தப்பு. யாருக்கு வேண்டாமோ அவர்கள் வாங்க வேண்டாம்.

இதைச் சொல்லி முடிக்கும்போது சுகுணா கல்லாப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாளாம். அரை மணி நேரம் தேடினாளாம்.

வேண்டாம் என்று எந்த ஊரும் சொல்லவில்லை. பிரச்சினை அதுதான். "நாங்க மாத்த மாட்டோம், அவங்க மாத்தட்டும்" என்றது எங்கள் ஊர். "மயில்கழுத்த மொத மொத கேட்டதே நாங்கதான்" என்றார் தாட்சாயணி அக்கா. போக்குவரத்து நின்றது. ஒரு ஷேர் ஆட்டோ முழுக்க நண்டுக் கூடைகள் வெயிலில் காய்ந்தன.

நிவி உள்ளே போய் ஜாக்கெட் துணிக் கட்டை எடுத்து வந்தாள். புடவை ஒரே நிறமாக இருக்கட்டும், ஜாக்கெட்டை ஊருக்கு ஒரு நிறமாக மாற்றிக்கொள்ளலாம், தூரத்திலிருந்து பார்த்தால் ஜாக்கெட்தான் முதலில் கண்ணில் படும் என்றாள். புடவையை ஒருத்தி மேல் போர்த்தி, ஜாக்கெட் துணியைத் தோளில் வைத்துக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறங்கள் மாறின. கூட்டம் நெருங்கி வந்தது. கடைசியில் ஒரு ஊர் கடைக்குள்ளும் இன்னொரு ஊர் கடைக்குப் பின்னால் கிணற்றடியிலும் தனித்தனியாக நின்று நிறம் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஊர் நிறமும் சேர்த்துத் தெரிந்தது நிவிக்கு மட்டும்தான். ஒரு ஊர் ஜாக்கெட்டுகளைப் பழவேற்காட்டிலும், இன்னொரு ஊருடையதைப் பொன்னேரியிலும் தைக்கக் கொடுத்தாள். ஒரே தையல்காரர் என்றால் வாய் சும்மா இருக்காது என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது.

"நம்ம ஊருக்கு என்ன கலர்?" என்று ஃபோனில் கேட்டேன்.

"சொல்லக் கூடாது, அப்பா."

"நான் உன் அப்பன்."

"அத்தையும் அதைத்தான் சொன்னாங்க. அவங்ககிட்டயும் சொல்லல."

சுகுணா மூன்று நாள் நிவியிடம் பேசவில்லை. தட்டில் மீன் வைப்பாள், பேச மாட்டாள். நான்காம் நாள் திரைகளை மறுபடி மாட்டிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல், "உண்மைய சொன்னவளுக்கு வஞ்சிரம், பொய் சொன்னவளுக்கு மத்தி. இன்னா உலகம்டா இது" என்றாளாம். நிவியின் தட்டில் வஞ்சிரத்தை வைத்ததே சுகுணாதான்.

6

மகளைக் கூட்டிவர ஆடி மாதத்தில் நான் ஊருக்குப் போனேன். இரண்டு திருவிழாவும் நல்லபடியாக நடந்தன, நிவிக்கு இந்தக் கோடையில் நியூயார்க்கில் ஒரு கம்பெனி வேலை கொடுத்திருக்கிறது என்பதை எல்லாம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எனக்கு நடந்தது இனிமேல்தான்.

எங்கள் திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது. நிவி கடைசி அறிக்கையை அனுப்பக் கணினியைத் திறந்தாள். பழைய படிவமும் அதோடு திறந்தது. ஆறாம் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, அத்தை எனக்கு யாரு?"

"சின்ன எழுத்தா இருந்துச்சும்மா."

"நான் கேட்டது அது இல்ல."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அன்றே பொறுப்பாளர் அம்மாளுக்கு அவளே எழுதிவிட்டாள்: மேற்பார்வையாளர் என் சொந்த அத்தை, என் அப்பா மறைத்துவிட்டார். 'அண்ணா' என்றால் என்ன என்பதையும் விளக்கி எழுதியிருந்தாள். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அப்படி வளர்த்தது நாங்கள்தான் என்பதால் யாரையும் குறைசொல்ல முடியவில்லை.

பதில் வந்தது. அவள் வேலையை நேரில் பார்த்த, உறவினர் அல்லாத ஒருவர் வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பீடு செய்து கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் இந்தக் கோடை கணக்கில் வராது.

கோட்டைக்குப்பத்தில் எனக்குச் சொந்தமில்லாத ஆளை எங்கே தேடுவது? இந்த வீடு சித்தப்பா, அந்த வீடு மாமன், மூன்றாவது வீட்டில் இரண்டு வழியிலும் சொந்தம். பஜாரில் எதிர்க்கடை பாய் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். ஆனால் அவர் என்னைச் சின்ன வயதிலிருந்து 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். நிவிக்கு அதுவே சந்தேகமாகப் போயிற்று.

அப்புறம் அவளே சொன்னாள்: "தாட்சாயணி அக்கா?"

உண்மைதான். எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஏதோ ஒரு வலை அறுந்த தகராறில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பெண் கொடுத்து எடுப்பது கிடையாது. சொந்தமே இல்லை என்று அடித்துச் சொல்லக்கூடிய ஊர் அது ஒன்றுதான். எங்கள் குடும்பம் ஏமாற்றப் பார்த்த ஊரும் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பாலத்தைத் தாண்டிப் போனோம். தாட்சாயணி அக்கா கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கையைத் தண்ணீரில் கழுவி, முந்தானையில் துடைத்து, தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"படி. இன்னா கேக்குறாங்கன்னு பாக்கலாம்."

நிவி பக்கத்தில் நின்றதால் இந்த முறை ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

"சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வந்தாளா?"

"அவ வந்துடுவா. கடை தொறக்குறதுதான் லேட்டு."

"பேச்சும் எழுத்தும் எப்படி?"

"பேசுனா புரியுது. எழுதுனாத்தான் வம்பு."

"ரகசியம் காப்பாற்றுகிறாளா?"

தாட்சாயணி அக்கா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். "கோட்டைக்குப்பம் இன்னா ஜாக்கெட்னு பத்து தபா கேட்டுட்டேன். பொன்னேரியிலேர்ந்து அல்வா வாங்கியாந்து குடுத்துக் கேட்டேன். அல்வாவ தின்னுட்டு, நல்லா இருக்குக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா." நிவியிடம் திரும்பினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போல. கலர சொல்லு, கையெழுத்து போடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. இரண்டு நாளில் ஊருக்கே தெரியப்போகிற விஷயம். சொல்லித் தொலையேன் என்று நான் கண்ணைக் காட்டினேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நிவி கையை நீட்டினாள். "அப்போ வேணாம்க்கா. பேப்பரைக் குடுங்க."

தாட்சாயணி அக்கா கொடுக்கவில்லை. காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வரிசையாக நின்ற கட்டங்களில் எங்கே டிக் போட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எல்லாவற்றிலும் ஐந்துக்கு நேராகப் போட்டார். எழுத்துக்கு மட்டும் மூன்று.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு" என்றேன். "இவளை நீங்கள் உங்களிடம் வேலைக்குச் சேர்த்துக்கொள்வீர்களா?"

"வேலைக்கா?" கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் பேனா நின்றது. "எனக்கு எதுக்கு வேலைக்காரி? என் அக்கா புள்ள ஒருத்தன் படகு வெச்சிருக்கான், நல்ல புள்ள. எத்தினி வருசமா ரெண்டு ஊரும் மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்குறது? உம் பொண்ண எங்க ஊருக்குக் குடுத்துடுப்பா."

விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. நிவி குனிந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"மொதல்ல சைன் போடுங்கக்கா. சொந்தமாயிட்டா இந்தப் பேப்பர் செல்லாது."

தாட்சாயணி அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுத்தெழுத்தாக, நிதானமாகத் தன் பெயரை எழுதினார். ஊதிக் காயவைத்தார். பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினார்.

"போட்டாச்சு" என்றார். "இப்ப பொண்ணு கேக்குறேன்."